நான்கு நிமிடம், இரண்டு புள்ளி

1

செவ்வாய்க்கிழமை பத்து மணித் தேத்தண்ணி இடைவேளையில், என்னோடு வேலை செய்யும் லாவி என்கிற சமோவாக்காரன் தன் போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினான்.

"இது நீதானே?"

பார்த்தேன். நான்தான்.

சிட்னியில், செவன் ஹில்ஸில் ஒரு களஞ்சியத்தில் ஃபோக்லிப்ட் ஓட்டுகிறவனை யார் வீடியோ எடுக்கப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். எடுத்தார்கள். பெண்கள் கூடைப்பந்து அணி ஒன்றின் உடைமாற்றும் அறை. சுற்றிவர உயரமான பெண் பிள்ளைகள். நடுவில் என் மகள் யாழினி. அவளுக்கு முன்னால், கோயிலுக்குப் போடும் சேர்ட்டோடு, மடித்த பதினான்காம் இலக்கச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான். சுவரில் பெரிய திரை. திரையில் என் மனைவி வாணி, யாழ்ப்பாணத்தில் எங்கள் மானிப்பாய் வீட்டுக் குசினி வாசலில் நின்று பேசுகிறாள். யாழினி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நான் அழுகிறேன்.

மேலே, "இரண்டு வருடங்களுக்கு முன் இதே நாளில்: மறக்க முடியாத அறிமுகம்" என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்கள். கீழே கொட்டிக் கிடக்கும் இதயங்கள். "அந்தத் தகப்பனின் கண்ணீரைப் பாருங்கள், பெருமை என்றால் இதுதான்" என்று யாரோ எழுதியிருக்கிறார். லாவியும் அதையே சொல்லி என் முதுகில் தட்டினான். நல்ல மனுசன். அவனுக்கு என்ன தெரியும்?

அது பெருமைக் கண்ணீர் இல்லை. திரையில் பேசிக்கொண்டிருக்கும் வாணி இறந்து அப்போது நான்கு மணித்தியாலம் ஆகியிருந்தது. அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவளுடைய திவசம் போன கிழமையே முடிந்துவிட்டது. திதி ஒரு நாளில் வருகிறது, திகதி இன்னொரு நாளில் வருகிறது. ஐயர் ஒரு முறை ஞாபகப்படுத்துவார், இந்த வீடியோவைப் போட்ட கூடைப்பந்துக் கழகம் ஒரு முறை ஞாபகப்படுத்தும். இந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லிப் போன வருடம் கழகத்துக்கு எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் ஒன்று பதில் போட்டது. விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்களாம்.

2

யாழினியை நான் இந்த நாட்டுக்குப் படகில் கொண்டு வந்தபோது அவளுக்கு ஏழு வயது. வாணி வரவில்லை. அவளுடைய தாய், என் மாமி, படுக்கையில் கிடந்தா, விட்டுவிட்டு வர முடியாது. "பெண் பிள்ளையை இஞ்ச வைச்சிருக்கேலாது, நீங்கள் கொண்டு போங்கோ" என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆறு மாதம் பதினொரு வருடமாகிவிட்டது.

படகில் வந்தவனுக்குக் குடும்பத்தைக் கூப்பிட உரிமை இல்லை என்றார்கள். பிறகு தற்காலிக விசா தந்தார்கள். அதிலும் கூப்பிட முடியாது. கடைசியில் நிரந்தர விசா வந்தது. அன்று மத்தியானமே வாணிக்கு விண்ணப்பம் போட்டேன். கல்யாணப் படம் கேட்டார்கள், கொடுத்தேன். இத்தனை வருடம் பிரிந்திருந்தும் நீங்கள் கணவன் மனைவிதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். பிரித்து வைத்தவனே கேட்கிறான் பாருங்கள். பதினொரு வருடத்து போன் அழைப்புப் பட்டியலை அச்சடித்து அனுப்பினேன். ஆராயப்படுகிறது என்று பதில் வந்தது.

யாழினி மெரிலேண்ட்ஸில் வீட்டுக்குப் பின்னால் இருந்த பூங்காவில்தான் பந்தைத் தொட்டாள். பதின்மூன்று வயதில் என்னை விட உயரம். பதினாறில் மாநில அணியில் எடுத்தார்கள். அணி நியூசிலாந்துக்குப் போனது. இவளிடம் பயணப் பத்திரம் இல்லை. அவர்கள் அங்கிருந்து அனுப்பிய படத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

தாயும் மகளும் பேசிக்கொண்டதெல்லாம் பந்தைப் பற்றித்தான். வாணி பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் கோல் போடுகிறவள். வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது. மகள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதை முதல் முறை போனில் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"பந்தோட ஓடுறாள்! என்னெண்டு விட்டுக்கொண்டு நிக்கினம்? எங்களுக்குப் பந்து கையில வந்தா கால் அசையக் கூடாது."

"தட் இஸ் நெட்போல், அம்மா."

"என்னவோ. எங்களை ஓட விடேல்லை."

யாழினியின் தமிழ் வருடா வருடம் மெலிந்துகொண்டு வந்தது. என்னோடு பேசும்போது பாதிக்கு மேல் ஆங்கிலம். தாயோடு பேசும்போது மட்டும் கஷ்டப்பட்டுத் தேடித் தேடித் தமிழ்ச் சொல் எடுப்பாள். நான் குசினிக்குள் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

3

கூடைப்பந்தில் முதல் ஆட்டம் என்பது ஒரு பெரிய சடங்கு. யாழினி அதைப் பற்றி ஒரு கொப்பியே வைத்திருந்தாள். உலகப் புகழ் பெற்றவர்கள் முதல் ஆட்டத்தில் எத்தனை நிமிடம் ஆடினார்கள், எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று எழுதி வைத்திருப்பாள். பின்னாளில் ஆயிரக்கணக்கில் புள்ளி குவித்த ஒருவர் முதல் நாள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லையாம். அதை அடிக்கடி எனக்கு வாசித்துக் காட்டுவாள். தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்கிறாள் என்று விளங்கும்.

இந்த நாட்டில் எல்லாவற்றையும் எண்ணுவார்கள். முதல் ஆட்டம், ஐம்பதாவது, நூறாவது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல், படம், பேச்சு. நாங்களும் எண்ணுகிற ஆட்கள்தான். எட்டு, முப்பத்தொன்று, வருடம் முடிய ஆட்டைத் திவசம். நாங்கள் ஆள் செத்த பிறகு எண்ணத் தொடங்குகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினெட்டு வயதில் சிட்னிக் கழகம் ஒன்று அவளைப் பயிற்சிக்கு மட்டும் எடுத்தது. ஆட்டத்தில் இறக்க மாட்டார்கள், கூட நின்று பழகலாம். பிறகு ஒரு நாள் பிரதான ஆட்டக்காரி ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டத்துக்கு யாழினியின் பெயர் வந்தது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. முதல் முறை ஆடுகிறவளுக்கு அவளுடைய சட்டையைக் குடும்பத்தில் ஒருவர் உடைமாற்றும் அறைக்குப் போய்க் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்து நாலு வார்த்தை பேச வேண்டும். கழகத்தில் கமரா பிடிக்கிற பிள்ளை எனக்கு போன் எடுத்தாள். தாய் ஊரில் இருக்கிறா என்று கேள்விப்பட்டோம், ஒரு வீடியோ வாழ்த்து அனுப்பச் சொல்ல முடியுமா, மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்றாள்.

வாணி மூன்று சேலை மாற்றி, மூன்று தரம் எடுத்து அனுப்பினாள். திரையின் கீழே ஓடவிடுவதற்காக நான் இருந்து ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த வீடியோவில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4

ஞாயிறு காலை பத்து மணியாகவில்லை. யாழினி குளித்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். மனைவியின் தம்பி சுதன் ஊரிலிருந்து போன் எடுத்தான். அங்கே அப்போது விடியக்கூட இல்லை.

"அத்தான், அக்கா போட்டா."

"எங்க போட்டா?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன்.

"நாலு மணிக்கு நெஞ்சு நோகுதெண்டு எழும்பினவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முதலே..." அவன் அழுதான். பிறகு அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னான். "பிள்ளைக்கு இப்ப சொல்லிப் போடாதைங்கோ அத்தான். அவளின்ர விளையாட்டு முடியட்டும்."

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது புதிதில்லை. சோதனை எழுதுகிற பிள்ளைக்குச் செத்த வீட்டைச் சொல்ல மாட்டோம். கடைசிப் பாடம் முடியும் வரைக்கும் வீட்டில் எல்லோரும் நடிப்போம். எனக்கும் செய்தார்கள். உயர்தரப் பரீட்சைக்காக நான் யாழ்ப்பாணத்தில் வேறொரு மாமி வீட்டில் நின்ற நேரம், கிளிநொச்சியில் அப்பா இறந்துபோனார். பௌதிகம் எழுதிவிட்டு வெளியே வந்தால் சித்தப்பா சைக்கிளோடு நிற்கிறார். வழித்த தலையைத் தொப்பியால் மூடியிருந்தார். நான் வைக்க வேண்டிய கொள்ளியை அவர் வைத்துவிட்டு வந்திருந்தார். நான் நல்லாய்ப் பாஸ் பண்ணினேன். நல்ல காலம் சொல்லாமல் விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். கொஞ்ச வருடத்தில் நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன். அந்தப் பௌதிகம்தான் இப்போது எனக்கு ஃபோக்லிப்ட் ஓட்டுவதற்கு உதவுகிறது.

யாழினி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள்.

"ஆர் அப்பா போன்ல?"

"சுதன் மாமா. வாழ்த்துச் சொன்னவர்."

"அம்மா எழும்பிட்டாவோ?"

"இன்னும் நித்திரை," என்றேன்.

முட்டையைத் திருப்பிப் போட்டேன். கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு என் மேல் வெறுப்பு.

5

உடைமாற்றும் அறையில் பேசுவதற்கு நான்கு வரி ஆங்கிலம் பாடமாக்கி வைத்திருந்தேன். "இது உன்னுடையது" என்று மட்டும் சொல்லிச் சட்டையைக் கொடுத்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். கமராப் பிள்ளை என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். போடட்டுமா என்று கேட்கிறாள்.

வேண்டாம் என்று தலையை அசைத்திருக்கலாம். திரை வேலை செய்யவில்லை என்று அந்தப் பிள்ளை சமாளித்திருப்பாள். ஆனால் வாணியைத் திரும்பவும் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. மகளுக்காகத்தான் மறைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். தலையாட்டியது எனக்காக. அதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

திரையில் வாணி வந்தாள். மூன்றாவது சேலை, நீலம்.

"யாழினி, பிள்ளை. பந்து கையில வந்தாப் பயப்படாத. நீ ஓடலாம். அம்மா கோயிலுக்குப் போய் உன்ர பேரில அர்ச்சனை செய்துபோட்டு வந்தனான். வடிவா விளையாடு. விளையாடி முடிய எடு. நான் போனுக்குப் பக்கத்திலதான் இருப்பன்."

அப்போதுதான் நான் அழுதேன்.

கடைசிக் கால் பகுதியில், எங்கள் அணி இருபதுக்கு மேல் முன்னால் நின்றபோது, கோச் யாழினியை இறக்கினா. நான்கு நிமிடம். முதல் பந்தைத் தவற விட்டாள். பிறகு வலப்பக்க மூலையில் பந்து கிடைத்தது. எறிந்தாள். வளையத்தில் படாமலே உள்ளே போனது. அறிவிப்பாளர் அவளுடைய பெயரை நீட்டி முழக்கினார். அவள் என் பக்கம் திரும்பிக் கையைக் காதில் வைத்துக் காட்டினாள். சத்தத்தை ரசிக்கிறாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போய்க் கதிரையில் இருத்தி, தண்ணீர் குடிக்கக் கொடுத்துவிட்டுச் சொல்வதுதான் என் திட்டம். 'விளையாடி முடிய எடு' என்று நானே மொழிபெயர்த்த வரியை நானே மறந்துவிட்டேன். மணி அடித்ததும் அவள் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. நேரே தன் பைக்கு ஓடினாள், போனை எடுத்தாள். காதில் வைத்த கை என்ன சொன்னது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படிகளில் இறங்கி ஓடினேன். கீழே நின்ற காவலாளி கையைக் குறுக்கே நீட்டினான். கழுத்து அட்டை எங்கே என்றான். உடைமாற்றும் அறையால் வரும்போதே அதைத் திருப்பி வாங்கிவிட்டார்கள்.

"என் மகள்," என்றேன். 

"எல்லோரும் யாரோ ஒருவருடைய மகள்தான். அட்டை இல்லாமல் விடமாட்டேன்," என்றான்.

அங்கே நின்று "யாழினி, எடுக்காத!" என்று கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

வாணியின் போனை எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. யாரோ ஒரு சின்னப் பிள்ளையாக இருக்கலாம். வீடியோ அழைப்பு. யாழினி திரையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு போனைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். அவள் கண்டது என்ன என்று எனக்குப் பிறகுதான் தெரியும்: எங்கள் வீட்டு விறாந்தை. நெருக்கிப் போட்ட கதிரைகள். நடுவில் குத்துவிளக்கு. வாணியின் நாடியைத் துணியால் கட்டிக் கிடத்தியிருந்தார்கள். அவள் கத்தவில்லை. தலையை நிமிர்த்தி, ஆயிரம் பேருக்குள் என்னைத் தேடினாள். கமராப் பிள்ளை கமராவை இறக்கினாள்.

வாகனத் தரிப்பிடத்தில் அவள் கேட்டது மூன்றே மூன்று.

"எத்தினை மணிக்கு?"

சொன்னேன். அவள் விரலை மடக்கி, ஊர் நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டிப் பார்த்தாள்.

"அப்ப நீங்கள் முட்டை பொரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். தெரியுமோ உங்களுக்கு அப்ப?"

"ஓம்."

"வீடியோ போடேக்கையும் தெரியுமோ?"

நான் கார்த் திறப்பைத் தேடினேன். "இட் வோஸ் எ கேம், அப்பா," என்றாள். "ஜஸ்ட் எ கேம்."

6

செத்த வீட்டை நாங்கள் போனில் பார்த்தோம். என்னிடம் இருந்த பயணப் பத்திரத்தில் இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் என்று அச்சடித்திருந்தது. யாழினி நிலத்தில், தன் விளையாட்டுப் பையில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு பார்த்தாள். கொள்ளிக் குடத்தோடு சுதன் சுற்றி வந்தபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

துக்கம் விசாரிக்க வந்த சனம் என்னைப் பாராட்டியது. ஹோம்புஷில் இருந்து வந்த ஒரு அன்ரி, யாழினிக்குக் கேட்கும்படியாகவே, "நல்ல முடிவு எடுத்தனீங்கள் தம்பி. சொல்லியிருந்தா பிள்ளை குழம்பியிருக்கும், அந்த ரெண்டு புள்ளியும் வந்திராது," என்றா. யாழினி எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தம் கேட்டும் அன்ரிக்கு விளங்கவில்லை. எனக்கும் அப்போது முழுதாக விளங்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

குடிவரவுத் திணைக்களத்துக்கு இறப்புச் சான்றிதழ் அனுப்பினேன். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மொழிபெயர்த்து அனுப்பும்படி திருப்பி விட்டார்கள். அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து, விண்ணப்பதாரி மருத்துவப் பரிசோதனைக்குச் செல்லவேண்டும் என்று வாணியின் பெயருக்குக் கடிதம் வந்தது.

அடுத்த பருவத்தில் யாழினி மெல்பேர்ன் அணி ஒன்றுக்குப் போய்விட்டாள். இங்கேயே ஆடச் சொல்லிக் கழகம் கேட்டது, அவள்தான் மறுத்தாள். எனக்குப் போன் எடுப்பதில்லை. நான் எடுத்தால் ஒற்றைச் சொல்லில் ஆங்கிலத்தில் செய்தி வரும். ஆனால் ஆட்ட நாளில் மட்டும் தவறாமல் எடுப்பாள். ஆட்டத்துக்கு நான்கு மணித்தியாலம் இருக்கும்போது. சுகமா என்று கேட்பதில்லை. ஒரே கேள்வி, அதுவும் தமிழில்.

"ஆராவது செத்தவையோ?"

"இல்லை பிள்ளை."

வைத்துவிடுவாள். பிறகு சுதனுக்கு எடுத்து அதே கேள்வியைக் கேட்பாளாம். நான் சொல்வது உண்மையா என்று பார்க்க. வெளியூர் ஆட்டம், உள்ளூர் ஆட்டம், பெர்த்தில் ஆடினாலும் சரி, இரண்டு வருடமாக இதுதான் எங்கள் பேச்சு. அந்த அழைப்புக்காகக் களஞ்சியத்தில் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓட்டுவேன். அது அங்கே விதிக்கு மாறு.

7

இந்த ஞாயிறு அவளுக்கு ஐம்பதாவது ஆட்டம். மெல்பேர்ன் கழகத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தா. அன்றைக்கும் குடும்பத்தவர் ஒருவர் சட்டை கொடுப்பது வழக்கம், வர முடியுமா என்று. நான் யாழினிக்கு "வரட்டோ?" என்று செய்தி போட்டேன். தேவையில்லை என்று பதில் வந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு போன் அடித்தது. நான் குசினியில் நின்றேன். ஐந்து நாளுக்கு முன் லாவி காட்டிய அந்த வீடியோ மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஆராவது செத்தவையோ?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எத்தனை தரம் சொன்ன சொல். வரவில்லை.

"ஓம்," என்றேன்.

"ஆர்?"

"அம்மா."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பின்னால் யாரோ பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"எப்ப?" என்று கேட்டாள்.

"விடிய நாலு மணிக்கு. நெஞ்சு நோகுதெண்டு எழும்பினவவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முதல் முடிஞ்சுதாம். சுதன் மாமா இப்பதான் எடுத்தவர். நீ குளிச்சுக்கொண்டு நிண்டனி."

அவள் அழுதாள். இரண்டு வருடத்தில் அவள் அழுது நான் கேட்டது அன்றுதான். நான் அழவில்லை, எனக்கு இன்னும் சொல்ல இருந்தது.

"விளையாடேலாதெண்டா விடு பிள்ளை. நான் கோச்சோட கதைக்கிறன். நீ என்ன சொல்லுறியோ அதைச் செய்வம்."

யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூக்கை உறிஞ்சினாள்.

"நான் விளையாடுறன்," என்றாள். "அண்டைக்கும் விளையாடியிருப்பன், அப்பா. தெரிஞ்சுகொண்டு விளையாடியிருப்பன்."

வைத்துவிட்டாள்.

ஆட்டத்தை ரீவியில் பார்த்தேன். சட்டையைக் கூட ஆடும் ஒருத்தியின் தாய் கொடுத்தா. யாழினி இருபத்தாறு நிமிடம் ஆடினாள், பதினொரு புள்ளி. முடிந்ததும் எல்லோரையும் கட்டிப்பிடித்தாள், பைக்குப் போனாள், போனை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப உள்ளே வைத்தாள்.

நான் போனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அவள் எடுக்கவில்லை.